எனக்குத் தெரியாமல் எனக்காகத் திட்டம் போட்ட அத்தனை பேருக்கும்

என் பிறந்தநாளுக்கு எனக்கே தெரியாமல் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போன கூட்டுச் சதியில் பங்கெடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இன்று காலை தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன்கூட "குற்றாலத்துல தண்ணி நல்லா விழுந்துச்சாம்மா?" என்று கேட்கிறார். அப்படியென்றால் அவருக்கும் முன்பே தெரியும்! சரி, யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் ஒரு கடுகு தாளிக்க முடியாது. சிலிண்டர் எப்போது தீரும், சின்னவனுக்கு எந்தக் கிழமை வெள்ளைச் சீருடை, அத்தையின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை இருக்கிறது, இவருடைய வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்த மாதம் முடிகிறது, எல்லாம் என் தலைக்குள்தான் ஓடிக்கொண்டிருக்கும். வெளியூர் போவதென்றால் டிக்கெட் போடுவதிலிருந்து பை அடுக்குவது, பால் பாக்கெட்டை நிறுத்தச் சொல்வது, கிளம்பும்போது கேஸை மூடினோமா என்று படியிறங்கிய பிறகு திரும்ப ஏறிப் பார்ப்பது வரை நானேதான். போன இடத்தில் எல்லோரும் ஜாலியாக இருக்கும்போது, திரும்பி வரும் ரயிலுக்குச் சாப்பாடு எங்கே வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அம்மாக்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. எனக்கு என் நாட்கள் பிடிக்கும். யாரும் எழுந்திருக்காத நேரத்தில் டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிடிக்கும். வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள் என்று கொடுத்த சாக்லேட்டில் பாதியைக் கால்சட்டைப் பையில் வைத்து, அது உருகி, சீருடையும் பாழாகி, "உனக்குத்தாம்மா வெச்சிருந்தேன்" என்று சின்னவன் நீட்டுவானே, அது ரொம்பப் பிடிக்கும் (கறை போவதற்குள் கை கழன்றுவிடும், அது வேறு கதை). பெரியவள் பிளஸ் ஒன் வந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுத்திருந்தால் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு செல்போன் பார்ப்பாள். அதுவும் ஒரு பேச்சுதான்.

அப்புறம் எனக்கென்று ஒரு ரகசியம் இருந்தது. சம்பளம் வந்த அன்று மாலை குரோம்பேட்டையில் இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போக மாட்டேன். ஸ்டேஷன் பக்கத்து ஸ்வீட் கடையில் ஓரத்து மேசையில் உட்கார்ந்து, சூடாக ஒரே ஒரு ஜாங்கிரி, கூடக் கொஞ்சம் மிக்சர், கடைசியில் ஒரு காபி. யாருக்கும் பங்கு கிடையாது. "ஏன் லேட்டு" என்று கேட்டால் ரயில் மேல் பழியைப் போட்டுவிடுவேன். பல வருடமாக இது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் பிறந்தநாளன்று காலையில் கேக்குக்குப் பதிலாக ஒரு தட்டில் ஜாங்கிரியும் மிக்சரும் வந்தது! சென்னையிலிருந்தே, அதே கடையிலிருந்து வாங்கி, என் கண்ணில் படாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். "உன் புடவையில மிக்சர் வாசனை வரும்மா" என்றாள் பெரியவள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கைக்கு. ரயில்வே இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவைத் திறக்கிறது, குற்றால சீசன் சமயத்தில் தென்காசி வழியாகப் போகும் வெள்ளிக்கிழமைப் பொதிகை எக்ஸ்பிரஸ் என்றால் காலை 8 மணிக்குத் தயாராகக் கையில் போனோடு உட்கார வேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கில் போட்டால் என் போனுக்கு மெசேஜ் வந்துவிடும் என்று அவள் கணக்கில் போட்டிருக்கிறாள். என் பிறந்தநாள் ஜூலை மூன்றாவது வாரம். அப்படியானால் மே மாதக் கத்திரி வெயிலில் தினமும் என்னோடு போனில் புழுக்கத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இதைச் செய்திருக்கிறாள். அதற்கு முன்னாலேயே இவர் அவளிடம் பேசியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு இவ்வளவு நாள் ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்க வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அடுத்தது என் மேலாளர். சார், உங்களுக்குப் பெரிய கும்பிடு. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும், மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், என் பிறந்தநாள் சரியாக அந்த நெருக்கடியில் வந்து விழும். அந்த வாரத்தில் லீவு கேட்க எனக்கு வாயே வராது, கேட்டதும் இல்லை. இந்த முறை அந்த வாரத் தொடக்கத்திலேயே "இந்த மாசம் சீக்கிரம் முடிச்சிடலாம்மா, ஆடிட்டர் கேக்கிறார்" என்று என்னை விரட்டினீர்கள். எந்த ஆடிட்டரும் கேட்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. மனதுக்குள் உங்களைக் கொஞ்சம் திட்டினேன், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அத்தைக்கு என்ன சொல்வது! மூட்டுவலியால் அவர் வரவில்லை, வீட்டிலேயே இருந்துகொண்டார். எங்கள் அத்தை போனில் பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும், எந்தச் செய்தியும் அவரிடம் பொழுது சாயும்வரை தங்காது. அவர் இதைக் காப்பாற்றியதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அதிசயம். வெள்ளிக்கிழமை நான் ஆபீசில் இருந்தபோது இட்லி ஊற்றி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டி, என் பீரோவைத் திறந்து புடவைகளையும் எடுத்து வைத்திருக்கிறார். எனக்குப் பிடித்த பழைய சுங்குடியைச் சரியாக எடுத்திருந்தார். "அருவிக்குப் போறதுக்குப் பட்டா கட்டுவா" என்றாராம் இவரிடம். வழக்கமாக என் நட்சத்திரப் பிறந்தநாளுக்குக் கோயில் அர்ச்சனையோடு நிறுத்திக்கொள்பவர், இங்கிலீஷ் தேதியைக் கண்டுகொள்ளவே மாட்டார். அத்தை, இந்த வருடம் இரண்டும் உண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கீழ்வீட்டு அக்கா, நீங்கள் அத்தைக்கு இரண்டு வேளையும் சாப்பாடு கொடுத்து, இரவில் வந்து துணைக்குப் படுத்து, என் ரோஜாத் தொட்டிகளுக்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறீர்கள். ஊற்றியது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் செடி நன்றாக இருக்கிறது.

எனக்குச் சொல்லப்பட்ட கதை இதுதான்: ஊரிலிருந்து சித்தி வருகிறார், தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டி வரவேண்டும், பிள்ளைகளும் வருகிறார்களாம். நானும் வீட்டுச் செருப்போடு கிளம்பிவிட்டேன். பிளாட்பாரத்தில் பொதிகை வந்து நின்றது, சித்தியைத் தேடி ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்க்கிறேன், பின்னாலிருந்து சின்னவன் தள்ளுகிறான், "ஏறும்மா, ஏறும்மா, ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்!" உள்ளே போய்ப் பார்த்தால் எங்கள் பை சீட்டுக்கு அடியில். "பை எப்படி இங்கே வந்தது" என்றுதான் முதலில் கேட்டேனாம், "எங்கே போகிறோம்" என்று கேட்கவே இல்லையாம். அந்தப் பையை எழும்பூரிலேயே ஏற்றிக் காவல் காத்துக்கொண்டு வந்த இவருடைய நண்பருக்கு நன்றி. தாம்பரத்தில் அவசரமாக இறங்கினார், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. எங்கள் நாலு பேருக்கும் ஒரே இடத்தில் படுக்கை கிடைக்கவில்லை. பெயர் கேட்டுக்கொள்ளாமல் போன கல்லூரித் தம்பி, தன் கீழ் பெர்த்தை எனக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் படுத்தாய், நன்றாக இருப்பா.

தென்காசியில் இறங்கும்போதே முகத்தில் சாரல். ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரள மழை நம் பக்கம் எட்டிப் பார்க்கும், மழை என்றும் சொல்ல முடியாது, வெயில் என்றும் சொல்ல முடியாது, தலை நனையாது, ஆனால் சட்டை ஈரமாக இருக்கும். சென்னைப் புழுக்கத்திலிருந்து வந்தவளுக்கு அதுவே போதும், அப்படியே திரும்பியிருந்தால்கூட நிறைவாக இருந்திருக்கும்.

இங்கே ஒரு சின்ன வில்லங்கம். பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில், சீசன் கூட்டத்தில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். இவர் முகம் செத்துப்போனது. வழக்கமாக அந்த நேரத்தில் நான் களத்தில் இறங்கிவிடுவேன், ஆனால் பெரியவள் "நீ உக்காரும்மா" என்று என்னை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டாள். அந்த ஆட்டோ அண்ணன்தான் கைகொடுத்தார். இரண்டு போன் போட்டு, பக்கத்து ஊரான இலஞ்சியில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டு மாடிக்குக் கூட்டிப் போனார். சீசனில் கேட்கிற வாடகையெல்லாம் இல்லை, நியாயமான தொகை. போகிற வழியெல்லாம் ஊர்க் கதை வேறு. பிரானூர் பக்கத்துப் பரோட்டாக் கடைகளுக்கு ஏன் 'பார்டர்' என்று பெயர் என்று சின்னவன் கேட்டான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, எல்லை இங்கேதான் ஓடியது, எல்லை போய்விட்டது, பெயரும் பரோட்டாவும் மட்டும் நின்றுவிட்டன என்று அவர் சொன்னதை, சின்னவன் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கத் தயாராக வைத்திருக்கிறான். அன்று இரவு அங்கே போய், பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னாவை ஊற்றி, பக்கத்தில் மிளகு தூக்கலாக நாட்டுக்கோழி வறுவல்... அதைப் பற்றி எழுதினால் மடல் முடியாது.

இலஞ்சி வீட்டு அம்மாவுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். மறுநாள் என் பிறந்தநாள் என்று சின்னவன் உளறிவிட்டான். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கீழே கூப்பிட்டு இலை போட்டார். சொதி! திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணங்களில் மறுவீட்டு விருந்துக்கு வைப்பார்களே, அதே சொதி. தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், உருளை எல்லாம் வெந்து, பாசிப்பருப்பு சேர்ந்து, இறக்கும்போது கெட்டியான முதல் பாலை ஊற்றி, ஆறிய பிறகு எலுமிச்சை பிழிந்தது. கூடவே இஞ்சிப் பச்சடி, வீட்டிலேயே சீவிப் பொரித்த உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காய்ப்பால் மந்தமாக்கும், அதற்குத்தான் இஞ்சி என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை பரிமாறினார். நான் எழுந்து இலையை எடுக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்: "இன்னைக்கு நீ எடுக்கக் கூடாதும்மா." அம்மா, உங்களுக்கு இதை யாராவது வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். பணம் வாங்க மாட்டேன் என்றீர்கள், அது மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அதனால் சாமி படத்துக்குப் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருவியைச் சொல்லவில்லையே. நாங்கள் போன அன்று பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது, அப்படி விழுந்தால் குளிக்க விடமாட்டார்கள். தூரத்தில் நின்று பார்த்துவிட்டு ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நல்ல வரிசை. எனக்கு உள்ளே போகப் பயம், ஓரத்திலேயே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "வந்துட்டு ஓரத்துல நிக்கவா வந்த?" என்று என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். உச்சந்தலையில் பொத்தென்று ஒரு அடி, மூச்சு முட்டியது, காதில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. தோளில் யாரோ அம்மிக்குழவியை வைத்து உருட்டுவது போலத் தண்ணீர் விழ விழ, கழுத்தில் மாதக்கணக்காகப் பிடித்திருந்த பிடிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் பக்கத்தில் பெரியவள், தலைமுடியெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியாக எப்போது அவள் அப்படிச் சிரித்தாள் என்று யோசிக்கும்போதே போலீஸ்காரம்மாவின் விசில். "நகருங்க, நகருங்க, அடுத்தவங்களுக்கு விடுங்க!" அந்தக் கூட்டத்தில் வழுக்கும் பாறையில் யாரும் விழாமல் பார்த்துக்கொள்கிற அவருக்கும் நன்றி. பாட்டி, உங்களுக்கு ரெட்டை நன்றி.

ஈரத் தலையோடு குற்றாலநாதரையும், சுவரெல்லாம் மூலிகைச் சாந்து ஓவியங்கள் கொண்ட சித்திர சபையையும் பார்த்தோம். நடராசருக்கான ஐந்து சபைகளில் இது ஒன்று, பலர் அருவியோடு திரும்பிவிடுகிறார்கள், விட்டுவிடாதீர்கள். கடைத்தெருவில் மங்குஸ்தான் வாங்கி, தோலை அழுத்திப் பிளந்து வெள்ளைச் சுளைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, திரும்பி வரும் ரயிலுக்குச் சாப்பாட்டைப் பற்றி நான் இன்னும் யோசிக்கவே இல்லை என்பது திடீரென்று உறைத்தது. கேட்டேன். "அதெல்லாம் சொல்லியாச்சு" என்றார் இவர். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எலுமிச்சைச் சாதம் வந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல், ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேருக்கும் இங்கே நன்றி எழுதினால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள், அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். இவருக்கும் அப்படித்தான்.

செங்கோட்டையில் சுடச்சுட வறுத்த நேந்திரங்காய்ச் சிப்ஸ் நிறைய வாங்கி வந்திருக்கிறேன். மேலே பெயர் வந்தவர்கள், பெயர் விட்டுப்போனவர்கள், இஸ்திரி அண்ணன் உட்பட எல்லோருக்கும் ஆளுக்கொரு பாக்கெட் உண்டு. கொஞ்சம் சீக்கிரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், சின்னவன் இரண்டு பாக்கெட்டை ஏற்கெனவே பிரித்துவிட்டான்.