வள்ளி பாடும்போது பக்கத்தில் ஆர்மோனியம் வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

போன வருடம் எங்கள் நாடகப் பள்ளி மாணவர்கள் போட்ட 'வள்ளி திருமணம்' பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. தினைப்புனத்துப் பரண்மேல் நின்று வள்ளி விருத்தம் பாடுகிறாள். இரண்டாவது அடியில் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. ஒரு நொடிதான் நிறுத்தினாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவு அவளுக்காக நிற்கவில்லை, அடுத்த அடிக்குப் போய்விட்டது. அதைப் பிடிக்க அவள் பட்ட பாட்டில், கையிலிருந்த கவண் நடுங்கியது முன்வரிசை வரைக்கும் தெரிந்தது. எப்படியோ பாட்டை முடித்தாள், கைதட்டலும் வாங்கினாள். அப்புறம் ஒப்பனை அறைக்குப் போய் அழுதாள்.

தப்பு எங்களுடையது. வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று, பதிவு செய்த இசையை ஓடவிட்டு விருத்தம் பாடச் சொன்னோம். இந்த வருடம் அதே நாடகத்தை மறுபடி மேடையேற்றுகிறோம். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பலவகைத் தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது) மூன்றும் மேடையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. பாடுகிறவர் ஓர் அடி பாடி நிறுத்துவார். ஆர்மோனியக்காரர் அந்த ராகத்தை அப்படியே வாங்கி வாசித்து, சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். நடிகர் அந்த நேரத்தில் மூச்சு விடலாம், இரண்டு எட்டு நடக்கலாம், எதிரில் நிற்பவரை ஒரு பார்வை பார்க்கலாம். நடிப்பே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. நாரதருக்கும் வள்ளிக்கும் வருகிற தர்க்கத்தில் இது இன்னும் கூடுதல். யார் எப்போது பேச்சை விட்டுப் பாட்டுக்குத் தாவுவார்கள் என்று முன்கூட்டியே பதிவு செய்து வைக்க முடியாது.

அந்த நாடகம் முடிந்த சில நாளில், ஒரு மூத்த ஆர்மோனியக் கலைஞர் எங்கள் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். அதே பெண்ணைக் கூப்பிட்டு, "சும்மா பேசு கண்ணு" என்றார். அவள் ஊர், பேர், படிப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆர்மோனியப் பெட்டியில் ஒரு கட்டையைத் தொட்டார். "உன் குரல் இங்கே இருக்கு. உன்னை அரைக்கட்டை மேலே ஏத்திப் பாட வச்சிருக்காங்க" என்றார். பிறகு அவள் பாடினாள். அதே இரண்டாவது அடியில் நிறுத்தினாள், அவர் துருத்தியை மெல்ல அசைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தாள். சுருதி அங்கேயே இருந்தது. அன்றைக்குப் பக்கத்தில் நின்று கேட்ட எங்களில் யாருக்கும் மறுபடி ஒலிப்பதிவைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

மாணவர்கள் இந்த நாடகத்தைப் போடுவது புதிதில்லை. இதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்தே ஒரு நாடகக் குழுவை அமைத்தார். பின்னாளில் சொந்தமாக நாடகக் குழு நடத்திப் பெயர் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்று வந்தவர்கள்தான். பாடி நடிப்பதில் புகழ்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பா மேடையில் உச்சத்தில் பாடியபோது, ஆர்மோனியத்தில் அவருடைய அண்ணன் காசி ஐயர் இருந்தார். கமகம் (சுரங்களை அசைத்து வளைப்பது) பேசாத வாத்தியம் என்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. நாடக மேடை ஆர்மோனியத்தை ஒருநாளும் கைவிடவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறோம். கோயில் திருவிழா நாட்களில் இந்தக் கலைஞர்களுக்கு இரவில் தூக்கமே இருக்காது. அதனால் நாடகங்கள் குறைவாக இருக்கும் மார்கழியில் 24 நாள் ஒத்திகை வைத்திருக்கிறோம். மூன்று பேருக்கும் நாளொன்றுக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் என்றால் 1,08,000 ரூபாய் ஆகிறது. தை மாதம் நடக்கும் இரண்டு இரவு நாடகத்துக்கு 30,000 ரூபாய். பள்ளிக்கென்று சொந்தமாக ஒரு பழைய பெட்டி வாங்கிச் சுருதி சேர்க்க 32,000 ரூபாய். மொத்தம் 1,70,000 ரூபாய். பெற்றோரும் பழைய மாணவர்களும் இதுவரை கொடுத்தது 46,000 ரூபாய், இன்னும் 1,24,000 ரூபாய் வேண்டும். உடை, விளக்கு, சீன் துணி எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

'மாணவர் நாடகம்தானே, கொஞ்சம் குறைத்துக் கொடுக்கலாமே' என்று சிலர் நல்ல எண்ணத்தில் சொன்னார்கள். எங்களுக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுப்பது வாசிப்பதைவிடப் பெரிய வேலை, அவர்கள் அதைப் பொறுமையாகச் செய்ய வருகிறார்கள்.

நீங்கள் 1,500 ரூபாய் கொடுத்தால் ஒரு கலைஞரின் ஒருநாள் ஒத்திகை உங்கள் பெயரில் நடக்கும். 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கை நாடகம் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வீட்டில் யாரும் தொடாமல் ஓர் ஆர்மோனியம் தூசி படிந்து கிடந்தால் அதைக் கொடுங்கள். பெட்டிக்கு ஒதுக்கிய தொகையை அப்படியே ஒத்திகைக்கு மாற்றிக்கொள்வோம்.

கார்த்திகை முடிவதற்குள் கலைஞர்களுக்கு முன்பணம் கொடுத்தாக வேண்டும். நன்கொடையைப் பள்ளி அலுவலகத்தில் எங்கள் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். ஒத்திகை தினமும் மாலை 5 மணிக்கு, கதவு திறந்தே இருக்கும். வள்ளியாக இந்த வருடமும் அதே பெண்தான் நடிக்கிறாள். வந்து உட்கார்ந்து கேளுங்கள்.

இப்படிக்கு,
மாணவர் நாடகக் குழுவினர்