தோட்டத் தலைவர் என்ற பொறுப்பை மீட்டுத் தாருங்கள்: மலையகத் தொழிற்சங்கத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் மாவட்டப் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம். நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எழுபதுகளின் தொடக்கம் முதல் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவராக இருந்த என் தந்தை காலமானபோது, மேடையில் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தாக்கும் சங்கங்களின் பிரதிநிதிகள்கூட ஒரே லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று அஞ்சலி செலுத்தினீர்கள். எங்கள் குடும்பம் அதற்கு நன்றியுடையது. ஆனால் அன்று பேசியவர்கள் அவரைத் தியாகி என்றும் தன்னலமற்றவர் என்றும் போற்றினார்களே தவிர, அவர் செய்த வேலை என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வேலையை இன்று எங்கள் தோட்டத்தில் எவரும் செய்வதில்லை என்பதால், அதைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டியிருக்கிறது.

சங்கத்தின் தோட்டக் கமிட்டியில் தலைவர் என்பது சம்பளமில்லாத பொறுப்பு. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது அவரும் வரிசையில் நின்றார். மற்ற ஆண்களோடு கவ்வாத்துக்கும் (தேயிலைச் செடி கத்தரிக்கவும்) கான் (வடிகால்) வெட்டவும் போனார். வேலை முடிந்து வந்த பிறகுதான் தலைவர் ஆனார். மாலையில் எங்கள் காம்பராவின் (லயத்து அறையின்) இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தங்கள் கொழுந்து எத்தனை கிலோ நின்றது, கணக்கப்பிள்ளை எத்தனை என்று எழுதினார் என்பதைச் சொல்வார்கள். அப்பா குப்பி லாம்பு வெளிச்சத்தில் சீ.ஆர். கொப்பியில் (தடித்த குறிப்பேட்டில்) அதைப் பதிந்துகொள்வார். தேதிக்குப் பக்கத்தில் மழை அல்லது வெயில் என்றும் ஒரு சொல் எழுதுவார். வானிலையை எழுதி என்ன ஆகப் போகிறது என்று சிறுவயதில் நான் சிரித்ததுண்டு.

அதன் பயன் ஒரு சம்பள நாளில் தெரிந்தது. ஒரு மலையில் வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் நாளுக்கு இரண்டு கிலோ குறைத்தே செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) ஏறியிருந்தது. ஈரக் கொழுந்துக்குக் கழிவு உண்டு என்பது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம். அலுவலகத்திலும் அதையே காரணமாகச் சொன்னார்கள். அப்பா தோட்ட மேலாளரான துரையின் முன் கொப்பியை விரித்து வைத்து, "தொர, மழை பெஞ்ச நாளுக்கு நான் வாதாட வரல. வெயில் அடிச்ச நாள்ல இந்த ரெண்டு கிலோ எங்க போச்சு?" என்று கேட்டார். அன்று குரல் உயர்த்தப்படவில்லை, கொடி பிடிக்கப்படவில்லை. பழைய பணம் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு வெயில் நாளில் கழிவு வெட்டப்படவில்லை. குறித்த நிறை சேராவிட்டால் ஒரு நாள் உழைப்பு அரைப்பெயராக (அரைநாள் கூலியாக) சுருங்கிவிடும் தோட்டத்தில் இரண்டு கிலோ என்பது சில்லறைக் கணக்கல்ல என்பது மடுவத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அவருடைய நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றவை கடதாசிகள்தாம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோன ஒரு சமூகத்துக்கு, ஒவ்வொரு துண்டுக் கடதாசியும் எவ்வளவு பெறுமதியானது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிச்சமிருந்த 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தது. 1974இல் அவர்களும் இரு நாடுகளுக்கும் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதியவர்களுக்கும் இந்த மண்ணிலேயே இருப்போம் என்றவர்களுக்கும் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவர் என் தந்தை. சொந்தத் தம்பிக்கும் அவரே நிரப்பிக் கொடுத்து, ஹட்டன் ஸ்டேசனில் ஒப்பாரிக் கோச்சியில் (இந்தியா போகிறவர்களை உறவுகள் அழுது வழியனுப்பிய ரயிலில்) ஏற்றி, தலைமன்னாருக்கு அனுப்பி வைத்தார். சித்தப்பாவை அதன்பின் அவர் பார்க்கவேயில்லை. அப்பா தமக்கென்று இலங்கைக் குடியுரிமை கேட்டிருந்தார். அது கைக்கு வந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு சத்தியக்கடதாசியின் (உறுதிமொழிப் பத்திரத்தின்) பேரில்தான். அதுவரை எத்தனையோ குடும்பங்களுக்கு முன்னின்று பேசிய காலம் முழுவதும் அவருக்கு ஒரு தேர்தலிலும் வாக்கு இருக்கவில்லை.

குடியுரிமை வந்தபின் கடதாசி வேலை குறைந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். மாறாக, அது வேறு வடிவம் எடுத்தது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் எழுதிய பெயர் இன்னொன்று, செக்ரோலில் உள்ள பெயர் மூன்றாவது என்று இருந்தால், ஓய்வுபெறும்போது சேமலாப நிதியை எடுக்க முடியாது. தமிழ் தெரியாத அலுவலர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துகளுக்காக, வாழ்நாள் முழுவதும் கொழுந்தெடுத்த பெண்கள் தாங்கள் தாங்களே என்று நிரூபிக்கக் கச்சேரிக்கு (மாவட்ட அரச அலுவலகத்துக்கு) அலைந்தார்கள். அப்பா அவர்களோடு பஸ் ஏறிப் போவார். அன்றைய பெயர், அதாவது நாட்கூலி, அவருக்கு விழாது. பஸ் காசையும் சங்கத்திடம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சேவை என்ற பெயரில் ஏழைத் தொழிலாளியின் மடியிலிருந்தே சங்கம் செலவழிக்கப் பழகியது அப்படித்தான்.

1973, 74 பஞ்சத்தைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்து, தோட்டங்களில் மனிதர்கள் பட்டினியால் இறந்த அந்நாட்களில், அடுப்பு எரியாத காம்பராக்களைக் கணக்கெடுத்து, எரிகிற வீடுகளிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக மா சேர்த்துக் கொடுத்தார்கள் கமிட்டிக்காரர்கள். அது போதவில்லை. எங்கள் லயத்திலேயே சாவு விழுந்தது. அப்பா பின்னாளில் எதைப் பற்றியும் பேசுவார், அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவருடைய தலைமையில் எனக்குத் தீராத குறை ஒன்றும் உண்டு. என் தாய் பெயரளவில் மாதர் தலைவி. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி கிடைத்தது. அந்த வேலைநிறுத்தத்தில் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பெண்களே அதிகம் என்று அம்மா சொல்வார். ஆனால் துரையோடு பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அம்மா அலுவலக வாசலோடு நின்றுவிட வேண்டும்; உள்ளே கொழுந்தின் நிறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கொழுந்தெடுக்காத ஆண்கள். சங்கத்துக்காரர்கள் எந்நேரம் வந்தாலும் சாயத்தண்ணி (பாலில்லாத தேநீர்) கொடுத்தவர், அவர்கள் பேசியதையெல்லாம் அடுப்பங்கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் அப்பாவிடம், "நிறுக்கிறப்ப கூட இல்லாத ஆளு நிறுவையைப் பத்தி என்ன பேசுவீங்க?" என்று கேட்டார். அதற்கு அப்பாவிடம் பதில் இருக்கவில்லை. வழக்கத்தை மாற்றவும் இல்லை. இன்று நீங்களும் மாற்றவில்லை.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. சம்பளப் பேச்சு கொழும்புக்குப் போய், சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் என்று ஆயிற்று. சந்தா சம்பளத்திலேயே கழிக்கப்பட்டு நேராகக் காரியாலயத்துக்குச் சேர்வதால், தலைவர் வாசல் வாசலாக ஏறி இறங்கிக் காசோடு திட்டும் வாங்கி வரவேண்டிய தேவை ஒழிந்தது. வசதிதான். ஆனால் சந்தா கேட்டு வந்தவரிடம்தான் தொழிலாளி, போன மாதம் என்ன செய்தாய் என்று கேட்க முடிந்தது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனபின், தோட்டத் தலைவர் என்பவர் தேர்தல் காலத்தில் ஆட்களை லொறியில் ஏற்றவும், அமைச்சர் வந்தால் மாலை போடவும், கூரைத் தகர விநியோகத்தில் பெயர்ப் பட்டியல் கொடுக்கவும் டவுனிலிருந்து நியமிக்கப்படுகிறவராக மாறினார். இதில் எல்லாச் சங்கங்களும் ஒரே மாதிரி.

2021இல் சம்பள நிர்ணய சபை நாட்கூலியை 1,000 ரூபாயாக்கியபோது கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. ஆயிரம் வேண்டுமென்றால் இத்தனை கிலோ எடு, இல்லாவிட்டால் அரைப்பெயர் என்ற பேச்சு மடுவத்தில் அன்றாடப் பேச்சானது. போராட்டம் கொழும்பிலிருந்து மறுபடியும் தராசடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கொப்பியோடு நிற்க உங்களிடம் ஆளில்லை என்பதே என் முறைப்பாடு.

ஆகவே, தோட்டத் தலைவரை அந்தத் தோட்டத்துச் சந்தாதாரர்களே ஆண்டுதோறும் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யட்டும். கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வருவதை எந்த மாவட்டத் தலைவரும் தடுக்காதிருக்கட்டும். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு முன், அதன் வரைவைத் தமிழில் பெரட்டுக்களத்தில் வாசித்துக் காட்டி, கமிட்டிகளின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். கச்சேரிக்குப் போகும் தலைவிக்கோ தலைவருக்கோ அன்றைய கூலியையும் பஸ் காசையும் சந்தாப் பணத்திலிருந்து கொடுங்கள். உங்கள் மாவட்டக் காரியாலயங்களின் அலுமாரிகளில் கிடக்கும் பழைய முறைப்பாட்டுக் கடிதங்களைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். என் தந்தையைப் போல நூற்றுக்கணக்கானோர் எழுதியவை அவை.

அப்பாவின் கொப்பிகளில் எஞ்சியவை என்னிடம் இருக்கின்றன. ஒரு சங்கம் அவற்றை விழாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கக் கேட்டது, மறுத்துவிட்டேன். நிறுவைக் கணக்கை எப்படி எழுதுவது என்று இளம் கமிட்டி உறுப்பினர்களுக்குக் காட்டுவதற்காக எந்தச் சங்கம் கேட்டாலும், கட்சி பாராமல் பிரதி எடுத்துக் கொடுப்பேன். ஆனால் கடன் வாங்கியவர்களின் பெயரும் பஞ்ச காலத்தில் மா வாங்கியவர்களின் பெயரும் உள்ள பக்கங்களைக் கொடுக்க மாட்டேன். அவர்களுடைய பிள்ளைகள் இன்னும் அதே லயங்களில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தலைவரதும் ஒரு மாதர் தலைவியினதும் மகள்