ஒற்றை மேற்கோளா, இரட்டை மேற்கோளா?

அன்புள்ள மச்சான்,

கடிதம் கிடைத்தது. தங்கச்சி கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப சந்தோஷம். பிஎச்பியில் (வெப்சைட் புரோகிராம் எழுதும் மொழி) சொற்களை ஒற்றை மேற்கோளில் போட்டால் வேகமா, இரட்டையில் போட்டால் வேகமா என்று கேட்டிருக்கிறாய். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனதற்குக் காரணமே இந்த வேக விவகாரம்தான்.

ஒரு ஜவுளி மொத்தக் கடைக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். கிளையிலிருந்து வரும் 40,000 வரிகளில் உள்ள ஐட்டம் நம்பர் ஒவ்வொன்றும் கடையின் 12,000 நம்பர்களில் இருக்கிறதா என்று, இன்_அரே என்ற பிஎச்பி ஃபங்ஷனை வைத்துத் தேடும். இன்_அரே முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். மோசமான நாளில் 48 கோடி ஒப்பீடு! கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் திரை சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

நானோ உன்னைப் போலவே ஒற்றை மேற்கோளா இரட்டை மேற்கோளா என்று இரண்டு ராத்திரி அளந்துகொண்டிருந்தேன். மேற்கோளுக்குள் வேரியபிள் (மதிப்பைச் சுமக்கும் பெயர்) இல்லையென்றால், ஓடும்போது இரண்டும் ஒன்றுதான். போதாக்குறைக்கு பிழை தேட உதவும் எக்ஸ்டீபக்கை அணைக்க மறந்துவிட்டேன். அது ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் தனியாக நேரம் தின்னும். நடுவில் கரண்ட் போய் லேப்டாப் பேட்டரியில் ஓடியதில், முதல் பாதிக்கும் மறுபாதிக்கும் சம்பந்தமே இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்து, அரே_ஃபிளிப் போட்டுப் பட்டியலைத் திருப்பி, நம்பர்களையே கீயாக்கி (தேடாமல் நேராகப் போய்ப் பார்க்கும் முகவரி மாதிரி), அந்தக் கீ இருக்கிறதா என்று இஸ்செட் வைத்துக் கேட்டேன். என்டர் தட்டிய கை எடுப்பதற்குள் முடிந்தது. மறுநாள் காலையில் கடைக்காரர் ஃபோன்: "தம்பி, பாதி வேட்டியைக் காணோம்!"

கிளையில் 0456 என்று அடிப்பார்கள். கடையில் அது 456. இன்_அரேயில் மூன்றாவதாக ட்ரூ (கறாராக ஒப்பிடு என்ற கட்டளை) கொடுக்காவிட்டால் அதற்கு இரண்டும் ஒன்று. இஸ்செட்டுக்கு வேறு வேறு. தப்பான விடையை வேகமாகத் தந்த புரோகிராமைப் பார்த்து ராத்திரி நான் கைதட்டியிருக்கிறேன், பாரேன்! முன்னால் வரும் பூஜ்யங்களை வெட்டி, இரண்டு விடையும் ஒன்றா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபடி நேரம் எடுத்தேன். அதற்குள் உங்கள் ஊர் பஸ் போய்விட்டது.

சரி, உன் விஷயம். சர்வரில் இன்னும் பிஎச்பி 5.6தான் என்கிறாய். அப்படியானால் நேரம் அளக்கும் ஹெச்ஆர்டைம் ஃபங்ஷன் உன்னிடம் இருக்காது, அது 7.3இல்தான் வந்தது. கணினிக் கடிகாரத்தைப் பார்க்கும் மைக்ரோடைமே போதும், ஆனால் நடுவில் அந்தக் கடிகாரம் திருத்தப்பட்டால் கணக்கு மைனஸில்கூடப் போகும். ஒரே தடவை ஓட்டிவிட்டு நம்பாதே. பழைய முறை, புது முறை இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து இருபது தடவை ஓட்டி, நடுவில் நிற்கும் எண்ணை எடு. நூறு வரி டேட்டாவில் எல்லாமே வேகமாகத்தான் தெரியும். உன் முழு ஃபைலையே கொடு.

5.6க்கு ஆதரவு 2018 கடைசியிலேயே முடிந்துவிட்டது. ஏழுக்கு மாறிய பலருக்கு அதிலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் கிடைத்தது. நீ நேராக எட்டுக்கே போ. உங்கள் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தாயா?

நீ அளக்கும் அந்த லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எனக்கு அனுப்பு. கல்யாண போட்டோவும் சேர்த்து.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்