அந்தச் சாம்பல் நிறப் படம்

அம்முவுக்கு,

போன ஞாயிறு போனில் "வேலை ஜாஸ்திப்பா" என்று மூன்று தடவை சொன்னாய். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, கேட்க வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை.

சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம், இத்தாலியக் கலைஞர் கட்டெலானுடையது, 2024இல் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனதே, அதைப் பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எழுதவே மனம் வரவில்லை. 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் துஷாம்ப் ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கலைப்படைப்பு என்று கண்காட்சிக்குக் கொடுத்தபோது, எது கலை, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அதில் இருந்தது. நூறு வருஷம் கழித்தும் அதையே கேட்டுக்கொண்டிருந்தால் விலைதான் ஏறும், கலை ஏறாது. எனக்குப் பெரிய கலைஞன் என்றால் மொராண்டிதான். இத்தாலியில், பொலோன்யாவில் சகோதரிகளோடு ஒரு வீட்டில் இருந்துகொண்டு, படுக்கையறையிலேயே அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் 1964இல் சாகும்வரை திரும்பத் திரும்ப வரைந்தார். இரண்டு ஜாடிகளுக்கு நடுவில் விடுகிறாரே ஓர் இடுக்கு, அந்த இடுக்குதான் படம். தினமும் ஒரு மணி நேரம் போதும் அம்மு. ஒரு டம்ளரை எதிரில் வைத்துக்கொள், வரை.

வண்ணப் பெட்டியையும் தூரிகைகளையும் யாருக்கோ கொடுத்துவிட்டாய் என்று சித்தி சொன்னாள். சித்தியிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் முடியவில்லை. ஏழாவது படிக்கும்போது பாட்டியின் கையை வரைந்தவள் நீ. மோதிரத்தை வரையவில்லை, அதைக் கழற்றிய விரலில் வெளுத்துக் கிடந்த வளையத்தை வரைந்திருந்தாய். முப்பது வருஷமாகப் படம் பார்க்கிறேன், அந்த வயதில் அப்படி ஒரு கண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதை இப்படியா போட்டுவிட்டுப் போவது? ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

ஓவியர் விஸ்லர், விமர்சகர் ரஸ்கின் மேல் லண்டனில் போட்ட அவதூறு வழக்கை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இரவில் வெடித்துச் சிதறும் வாணத்தை விஸ்லர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து, மக்கள் முகத்தில் ஒரு வாளிச் சாயத்தை வீசிவிட்டு 200 கினி கேட்கிறான் என்று 1877இல் ரஸ்கின் எழுதினார். அடுத்த வருஷம் கோர்ட்டில் விஸ்லர் ஜெயித்தார், நஷ்ட ஈடு ஒரே ஒரு ஃபார்திங், ஒரு பென்னியில் கால் பங்கு. வழக்குச் செலவும் சேர்ந்து 1879இல் திவாலானார். இத்தனைக்கும் ரஸ்கின் கண் இல்லாதவர் இல்லை. உலகம் ஓவியர் டர்னரை ஏசிக்கொண்டிருந்தபோது, 24 வயதில் அவருக்காக ஒரு புத்தகமே எழுதியவர். டர்னரின் மூட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு விஸ்லரின் இருட்டைப் பார்க்கத் தெரியவில்லை. இதை எப்போதும் விஸ்லர் பக்கம் நின்றுதான் உனக்குச் சொன்னேன்.

உன் முதல் கண்காட்சியில், அந்தச் சாம்பல் நிறப் படத்தின் முன்னால், என் நண்பர்கள் நாலு பேர் இருக்க, "இது ப்ரைமர் அடித்த சுவர், பெயின்ட் அடிப்பதற்குள் கொண்டுவந்துவிட்டாள்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால் அது போய்விட்டது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போகவில்லை, இல்லையா? நான் அன்று படத்தைப் பார்க்கவே இல்லை அம்மு. என் வாயில் வந்த வாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது.

பீரோவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, நேற்று சாயங்காலம் விளக்குப் போடாமல் வெகுநேரம் பார்த்தேன். சாம்பல் ஒன்றில்லை, ஏழெட்டு இருக்கிறது. இடது பக்கம் கீழே, ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. அன்று அது என் கண்ணில் படவே இல்லை. பாட்டி படுத்த படுக்கையாக இருந்த அந்த மாசம், ராத்திரி அவள் அறைக் கதவுக்கு அடியில் தெரியுமே, அந்த வெளிச்சம்தானே அது?

பதில் எழுது. படம் இப்போது என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது.

அப்பா