ஸ்டார்ட் பட்டன் இல்லாத ரிமோட்

செல்லூர், மதுரை
பங்குனி கடைசி

அன்புள்ள கலாவுக்கு,

நலம்தானே? உன் மாமியாரின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அம்மா சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் வேறு. போன வாரம் வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி. மேலே அண்ணன் கையெழுத்தில் "தொடாதே" என்று எழுதியிருந்தது. திறந்தால் நம்ம வீடியோ கேம். துப்பாக்கி, இரண்டு ரிமோட், மூன்று கேசட் எல்லாம் உள்ளே இருக்கின்றன. வெள்ளை டப்பா மட்டும் பழுத்த இலை மாதிரி மஞ்சளாகிவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெயின்ட்காரர் "அக்கா, ஏணியை எடுக்கட்டுமா?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறார், என் காதில் விழவே இல்லை.

ரிமோட் இரண்டையும் கையில் எடுத்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒன்றில் நடுவே செலக்ட், ஸ்டார்ட் என்று இரண்டு ரப்பர் பட்டன்கள். இன்னொன்றில் அந்த இடம் வெறுமனே இருக்கிறது. ஏன் என்று தேடிப் படித்தேன். நம்முடையது, நின்டென்டோ 1983 ஜூலையில் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிகாம் மெஷினின் நகல். அசலிலேயே இரண்டாவது ரிமோட்டுக்கு ஸ்டார்ட் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு குட்டி மைக் வைத்திருந்தார்களாம். நமக்கு வந்த நகலில் அந்த மைக்கும் இல்லை.

கலா, நீ எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த நான்கு வருஷமும் அந்த இரண்டாவது ரிமோட்தான் உன் கையில் இருந்தது.

1995 தீபாவளி போனஸில் அப்பா வாங்கியது அது. கல்பாலத்தில் நடந்து சிம்மக்கல் வழியாக டவுன்ஹால் ரோடு போனோம். கடையில் போட்டுக் காட்டச் சொல்லி, அண்ணன் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகுதான் அப்பா பணத்தை எண்ணிக் கொடுத்தார். திரும்பும்போது விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கித் தந்தார். எனக்கு அது இறங்கவே இல்லை, மடியில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் பல்கூட விளக்காமல் உன் வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

அந்த சாலிடேர் டிவியில் ஏரியல் ஒயரைப் பிடுங்கி இதைச் சொருகி, சேனல் குமிழை மெல்லத் திருகவேண்டும். முதலில் புள்ளிப் புள்ளியாக மழை, அப்புறம் சத்தம் மட்டும், அப்புறம் ஒரு நொடியில் படம் வந்து நிற்கும். தெருவில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்ததால் நாம் சத்தத்தைக் கூட்டி வைப்போம். "பிக்சர் ட்யூப் போயிரும்டி, அரைமணி நேரம் போதும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். அண்ணன் டியூஷன் போகிற நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரைதான் அது நம்முடையது.

9999 கேம் என்று கேசட்டில் போட்டிருந்தது. தோண்டித் துருவிப் பார்த்தால் இருபது கூடத் தேறாது, அதையே வேறு வேறு ஸ்டேஜில் தொடங்கவைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருந்தார்கள். இருந்தாலும் அந்த இருபதிலேயே நமக்கு எவ்வளவு கிடைத்தது! மரியோ முழுவதும் வெறும் 40 கேபி. இப்போது என் போனில் எடுக்கிற ஒரு படம் 3 எம்பி வருகிறது, அந்த இடத்தில் 70 மரியோவை வைக்கலாம். இடம் பற்றாமல், மேகத்துக்கு வரைந்த அதே படத்துக்குப் பச்சை பூசிப் புதராக வைத்திருக்கிறார்கள். எத்தனை நாள் பார்த்திருப்போம், ஒருநாளும் நமக்குத் தோன்றவில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் இப்படி ஓர் உலகத்தைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

டாங்க் கேமில் நாம்தான் ராணிகள். இருபது எதிரி டாங்கையும் முடிக்கிறவரை செங்கல்லுக்குள் இருக்கிற கழுகைக் காப்பாற்றவேண்டும். உன் குண்டு என் மேல் பட்டால் நான் சாகமாட்டேன், கொஞ்ச நேரம் அசையமுடியாமல் மின்னிக்கொண்டு நிற்பேன். "வேணும்னு சுட்டியாடி?" என்று நான் கேட்காத நாள் இல்லை. நீ ஒரு தடவைகூட வேண்டுமென்று சுட்டதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்குத் தொண்டையை அடைப்பது காண்ட்ரா என்ற கேம்தான். மேலே மேலே கீழே கீழே இடது வலது இடது வலது, பி, ஏ. இதைப் போட்டால் 30 லைஃப். உன் சித்தப்பா மகன் சொல்லித்தந்ததை நீ கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி எடுத்துவந்தாய். இந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர். கிராடியஸ் என்ற கேமைச் சோதித்துப் பார்க்கும்போது அவராலேயே ஆடி முடிக்கமுடியவில்லையாம். தன் வசதிக்காக இதைப் போட்டுவைத்தவர் எடுக்க மறந்துவிட்டார், 1986-இல் அது அப்படியே வெளியே வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார் என்று படித்தபோது சொந்தக்காரர் ஒருவர் போனதுபோல இருந்தது.

அந்த மூன்றாவது ஸ்டேஜ், அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே போகவேண்டும். மேலே போகிறவள் பின்னாலேயே திரையும் போகும். கீழே நிற்கிறவள் திரைக்கு வெளியே போய்விட்டால் செத்தாள். ஒருத்திக்காக ஒருத்தி நின்று நின்றுதான் ஏறமுடியும். ஒருநாள் பாதி ஏறியிருந்தோம். உன் ஆச்சி தெருவில் நின்று "ஏ கலா" என்று கூப்பிட்டாள். "பாஸ் போடுடி, பாஸ் போடு" என்று நீ கெஞ்சினாய். ஸ்டார்ட்டை அமுக்கினால்தான் ஆட்டம் நிற்கும், அது என் ரிமோட்டில் மட்டும்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை. நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடினாய். நான் ஏறிக்கொண்டே இருந்தேன். நீ திரும்பி வந்தபோது உன் ஆள் ஒரு லைஃப்கூட மிச்சமில்லாமல் போயிருந்தான். நீ ஒன்றும் சொல்லவில்லை. நான் முடிக்கிறவரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

உனக்கு இது மறந்துபோயிருக்கும். அந்த வெற்று இடத்தைப் பார்த்தபோது எனக்கு முழுதாக ஞாபகம் வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். மன்னித்துக்கொள்.

சரி, நீ ஓசூருக்குப் போன பிறகு நடந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் முதல் வேலையில் சேர்ந்ததும் பழைய பிளேஸ்டேஷன் ஒன்றை வாங்கினான். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடி ஓடும். உள்ளே லென்ஸ் நகர்கிற பிளாஸ்டிக் தடம் தேய்ந்துபோய்விடுமாம், அந்த மாடலில் நிறையப் பேருக்கு இந்த வைத்தியம்தான். அதில் எனக்கு அவ்வளவாக மனம் ஒட்டவில்லை.

2008-இல் என் சொந்தச் சம்பளத்தில் பிளேஸ்டேஷன் 2 வாங்கினேன். அம்மா வளையல் வாங்கச் சொன்னாள். உலகத்தில் 15 கோடிக்கும் மேல் விற்ற மெஷின் அது, அதில் ஒன்று என் பெயரில் இருந்தது எனக்குப் பெரிய விஷயம். 2012-இல் இங்கே கரண்ட் கட் எப்படி இருந்தது தெரியுமா? பாதி நாள் இருக்காது. போகப்போகிற நேரத்தைப் பார்த்து அதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே மெமரி கார்டில் சேவ் செய்துவிடுவேன். சேவ் ஆகிற நேரத்தில் கரண்ட் போனால் பத்து நாள் ஆடியதெல்லாம் அழிந்துபோகும். இரண்டு தடவை போயிருக்கிறது. அழுதிருக்கிறேன். அந்த மெஷினின் முகப்பில் ரிமோட் சொருக இரண்டு இடம் உண்டு. வாங்கியதிலிருந்து விற்றதுவரை இரண்டாவது இடத்தில் நான் எதையும் சொருகவே இல்லை. மதுரையில் எனக்குத் தெரிந்த பெண்கள் யாரும் விளையாட வரவில்லை, நானும் யாரையும் கூப்பிடவில்லை.

இப்போது அண்ணன் மகளிடம் ஸ்விட்ச் என்ற கேம் மெஷின் இருக்கிறது, 2017-இல் நின்டென்டோ கொண்டுவந்தது. அதன் ரிமோட் இரண்டாகப் பிரியும், ஆளுக்குப் பாதி. போன பொங்கலுக்கு வந்திருந்தபோது ஆட்டத்துக்கு நடுவே படக்கென்று பிரித்து "இந்தா அத்தை" என்று ஒரு பாதியை நீட்டினாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அந்தப் பிள்ளை.

நம்ம டப்பாவை மேலமாசி வீதி பக்கம் ஒரு சந்தில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அடாப்டர் மட்டும் புதிது போட்டார். கேசட் பின்களை ரப்பரால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். "ஊதியிருக்கீங்களா?" என்று கேட்டார். ஊதாத நாள் ஏது? எச்சில் ஈரத்தில் பின் அரித்துப்போகுமாம். கழற்றி மாட்டியதால்தான் அது வேலை செய்ததே தவிர, ஊதியதால் இல்லை என்றார்.

வாத்து சுடுகிற கேமுக்கு வந்த துப்பாக்கிக்குப் புது டிவி ஒத்துவராது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கிற கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் வாத்து விழும். புது டிவிகளில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் அது ஏமாந்துபோகிறது. அதனால் பழைய இரும்புக் கடையில் சொல்லிவைத்து ஒரு குண்டு டிவி வாங்கிவிட்டேன். வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள், பரவாயில்லை. இன்னொன்று தெரியுமா? ஒருத்தி சுடும்போது இன்னொருத்தி ரிமோட்டால் வாத்தைத் திருப்பித் திருப்பிப் பறக்கவைக்கலாமாம். ஒரு வாத்து வருகிற ஆட்டத்தில் மட்டும். நான் சுட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் நீ சும்மாதான் உட்கார்ந்திருந்தாய்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறாய்தானே? அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாளே வந்துவிடு, எதிர்சேவை பார்த்துவிட்டு வரலாம். மத்தியானம் எங்கேயும் போகமுடியாது, வெயில் கொல்லும். முன் அறையில் டிவியை வைத்திருக்கிறேன். முதல் ரிமோட்டின் ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் இறுகியிருக்கிறது. நன்றாக அழுத்து, வேலை செய்யும்.

அப்புறம், 1999-இல் நீ ஊரை விட்டுப் போகும்போது ஒரு மஞ்சள் கேசட்டை எடுத்துப்போனாய், காண்ட்ரா இருந்தது அதில்தான். பெட்டியில் இருக்கிற மூன்றிலும் அது இல்லை. உன் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

அன்புடன்,
வசந்தி