ஆசிட் ஊற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில், கழிப்பறை அடைத்துக்கொண்டால் ஆசிட் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் தண்ணீர் அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். தாம்பரம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் நான். யார் வீட்டில் அடைத்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்த உரிமையில் கேட்கிறேன், அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆசிட் உப்புக்கறையைப் போக்கும், சரி. ஆனால் அடைப்பது உப்பா? எங்கள் குழாய்களிலிருந்து இதுவரை வெளியே வந்தவை நாப்கின், டயபர், ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், ஒருமுறை ஒரு பிளாஸ்டிக் யானை. இதில் எதை ஆசிட் கரைக்கும்? நாப்கினுக்குள் இருக்கும் பொடி தண்ணீரை உறிஞ்சி ஊதுவதற்கென்றே செய்யப்பட்டது. அது அப்படியே இருக்க, ஆசிட்டும் கோப்பையிலேயே தேங்கி நிற்கும். அப்புறம் பம்ப் வைத்து அழுத்துபவர் முகத்தில்தான் அது தெறிக்கும். அதற்கு முன்பே யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நம் வீட்டுக் கழிப்பறைகளின் ஜன்னல் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் செய்ய வேண்டியது, மறுபடி ஃப்ளஷ் அழுத்தாமல் இருப்பது. பாதிப் பேர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். கோப்பையில் பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி ஊற விடலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பீங்கான் விரிசல் விடும். பிறகு ரப்பர் பம்ப். ரப்பர் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வெறும் காற்றைத்தான் அழுத்திக்கொண்டிருப்போம். அழுத்துவதைவிட வெடுக்கென்று மேலே இழுப்பதுதான் வேலை செய்யும். சிக்கியது வந்த வழியே திரும்பும்.

அதற்கும் மசியவில்லையா, வெளியே போய் சேம்பர், அதாவது வீட்டுக் கழிவுக் குழாய் வந்து சேரும் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கிறது, பிளம்பர் ஸ்பிரிங் கம்பியோ மூங்கில் பிளாச்சோ விட்டு எடுத்துவிடுவார். நிரம்பி நின்றால் கோளாறு அதற்கு அப்பால், கோப்பையில் எவ்வளவு மல்லுக்கட்டினாலும் பயனில்லை. தரைத்தள வீட்டுக் குளியலறையில் தண்ணீர் மேலே ஏறுவதும் இதற்கு அடையாளம்தான். மேல்வீட்டுக்காரர் கொட்டியது கீழ்வீட்டுக்காரர் காலடியில் வந்து நிற்கும், சங்கக் கூட்டத்தில் சண்டை எனக்கு வரும்!

செப்டிக் டேங்க் உள்ள வீடுகளில் ஆசிட்டுக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. டேங்கில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும். டேங்க் சீக்கிரம் நிரம்பும், அப்போதுதான் "ஒரு ஆளை இறக்கிப் பார்க்கலாமே" என்ற பேச்சு எழுகிறது. எங்கள் குடியிருப்பிலேயே படித்தவர்கள் வாயிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உத்தரவிட்டதும் இதனால்தான். டேங்கில் நிற்கும் விஷவாயு, வாடை தெரியாதபடி முதலில் மூக்கை மரக்கச் செய்துவிடும். உள்ளே போனவர் ஆபத்தை உணர்வதற்குள் சாய்ந்துவிடுவார்.

அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் திருத்தம் போடுங்கள். செப்டிக் டேங்க் லாரிக்கு 14420, சென்னையில் தெருச் சாக்கடை அடைப்புக்கு குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்களையும் பெரிய எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்