பின்னறை காலியாக இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

“377ஏ சட்டப் பிரிவுதான் போய்விட்டதே, இனி அவர்களுக்கு என்ன குறை?” என்று ஒருபாலீர்ப்பினரைப் பற்றிச் சென்ற வாரம் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய சிங்கப்பூர்ச் சட்டப் பிரிவு அது. ஈசூனில் இருக்கும் என் வீட்டுப் பின்னறையை வைத்து அவருக்குப் பதில் சொல்கிறேன்.

2023 ஜனவரி 3ஆம் தேதி அந்தப் பிரிவு நீங்கியது. மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றரைக்கு என் மகன் தொலைபேசியில் அழைத்தான். “அம்மா, என் கூட்டாளி ஒருத்தியை வீட்டில் விரட்டிவிட்டார்கள். இரண்டு நாள் மட்டும்.” இன்னொரு பெண் அனுப்பிய குறுந்தகவலைத் தாயார் படித்துவிட்டாராம். ஒரு தோள்பையோடும் சோறு ஆக்கும் மின்குக்கரோடும் வந்து நின்றாள். முதல் சம்பளத்தில் வாங்கியது என்பதால் குக்கரை விட்டுவர மனமில்லை. அதன் மின்கம்பி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் பதினான்கு மாதம் ஆனது.

அப்போது அவளுக்கு வயது 24. திருமணம் செய்துகொள்ளும் ஆணும் பெண்ணும் 21 வயதிலேயே அரசின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தனியாள் வாங்குவதென்றால் 35 ஆக வேண்டும். இவள் விரும்பும் பெண்ணை இங்கே மணக்க முடியாது. ஆகப் பதினொரு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை கையில் குக்கரோடு எங்கே நிற்பாள்?

அந்த ஜூனில் என்னை ஹாங் லிம் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். ஒருபாலீர்ப்பினருக்கு ஆதரவாக ஆண்டுதோறும் கூடும் பிங்க் டாட் கூட்டம் 2009இல் அங்கேதான் தொடங்கியது. 2017 முதல் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் அனுமதி. வாசலில் என் அடையாள அட்டையைப் பார்த்தவர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். வழி தவறிய கிழவி என்று நினைத்திருப்பார். உள்ளே பாய் விரித்துப் பலகாரம் தின்றோம், நன்றாகத்தான் இருந்தது. பொழுது சாய்ந்ததும் பாயைச் சுருட்டி எல்லாரும் எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டார்கள். அவளும் நல்லவேளையாக என்னோடு ஏறினாள்.

உதவியே இல்லை என்று சொல்லவில்லை. ஊகாச்சாகா என்ற அமைப்பு 1999 முதல் இவர்களுக்கு மன ஆலோசனை தருகிறது. ஜூன் சுவா என்பவர் தம் சகோதரியுடன் 2014இல் தொடங்கிய ‘தி டி புரோஜெக்ட்’ திருநர்களுக்குத் தங்க இடம் கொடுத்தது. ஆனால் நள்ளிரவில் வீட்டை விட்டு வருகிற பிள்ளை முதலில் கூட்டாளிக்குத்தான் அழைக்கிறது. அந்தக் கூட்டாளியும் அநேகமாகப் பெற்றோர் வீட்டில்தான் இருக்கிறது.

பிள்ளைகள் கல்யாணமாகிப் போய், பின்னறையில் பழைய பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் நம்மவர்கள் இந்தத் தீவில் எத்தனை பேர்! வாடகைக்கு விடுவதானால் வீவக அனுமதி வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. அவ்வளவுதான் சிரமம்.

அவள் இப்போது இரு தோழியரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். குக்கரை எனக்கே விட்டுப் போய்விட்டாள். என் பின்னறை காலி. யாருக்காவது தேவையென்றால் வரலாம். குளியலறை விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும், அவள் ஒருநாளும் அணைத்ததில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவமனை ஊழியர்,
ஈசூன்